எத்தனையாவது நாள்?

அன்புள்ள ஐயா,

மழைக்காலக் காய்ச்சல்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். 'உடம்புக்கு ஏதாவது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்' என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டார்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைக்குப் பக்கத்தில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் யாருக்குக் காய்ச்சல், தடுமன், வயிற்றுப்போக்கு என்றாலும் அம்மாவிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் முற்றத்தில் நிற்கும் பனிக்கூர்க்கை இலையும் சுக்கும் மிளகும். அதில் நிற்கவில்லை என்றால் முக்கில் இருக்கும் மருந்துக்கடை. அதற்கும் கேட்கவில்லை என்றால் பஸ் ஏறி, கேரள எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலைப் பக்கத்தில் ஒரு வைத்தியர். டாக்டர் கடைசி. "இதற்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்பார். ஒவ்வொரு முறையும் போனில் சண்டை. படித்த மகன் சொல்வதைவிடக் கடைக்காரர் சொல்வது அவருக்குப் பெரிது. இது அறியாமை இல்லாமல் வேறென்ன? இவர்களை எப்படி மாற்றுவது?

ஒரு வாசகர், சென்னை

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'தாமதிக்காமல்' என்று எழுதியபோது என் மனதில் இருந்தது மாதச் சம்பளக்காரரின் நாள். உங்கள் அப்பாவின் நாள் வேறு. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டும். பட்டையைச் சீவி விட்டால் வெயில் ஏறும்வரை பால் வடியும். பிறகு சிரட்டை சிரட்டையாக வாளியில் ஊற்றிச் சுமந்து வந்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்கும்போது உச்சிப்பொழுது ஆகிவிடும். மழை பெய்தால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுக்கும் ஒரு காலை அந்த வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு வரிசை நிற்பதும் அதே காலையில்தான். நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.பி. காலையில் மும்முரமாக நடந்து மதியத்தோடு அடங்கிவிடுகிறது. ஒரு தடுமனுக்காக அந்தக் காலையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று உங்கள் அம்மா முடிவெடுத்தால், கணக்குத் தெரிந்துதான் எடுக்கிறார்.

அவருடைய வரிசையையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தடுமன் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். அதைத் தருவது வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. டாக்டரிடம் போனாலும் 'ஓய்வெடுங்கள், வெந்நீர் குடியுங்கள், காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போடுங்கள்' என்பதற்கு மேல் நல்ல டாக்டர் எதுவும் சொல்ல மாட்டார். கிழக்கே கற்பூரவல்லி என்றும் மேற்கே பனிக்கூர்க்கை என்றும் சொல்லும் அந்த இலையோடு முதல் இரண்டு நாளைக் கடத்துவதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. வயிற்றுப்போக்குக்கும் அப்படித்தான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. முதல் வைத்தியம் அடுப்படியிலேயே இருக்கிறது.

அடுத்தது மருந்துக்கடை. இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கிறது, சீட்டு வேண்டாம், உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம், கையில் காசு இல்லையென்றால் சனிக்கிழமை கொடுக்கலாம். கடைக்காரருக்கு உங்கள் அப்பாவின் பெயர் தெரியும். வைத்தியரிடம் போவதற்கும் காரணம் உண்டு. அவர் நாடி பிடிக்கிறார், தூக்கம் எப்படி, பசி எப்படி, மலம் எப்படிப் போகிறது என்று கேட்கிறார், பதில் முடியும்வரை காத்திருக்கிறார். நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் எந்த மருத்துவராலும் அந்த அளவு நேரம் தர முடியாது. மனிதர்கள் தங்கள் பேச்சு எங்கே கேட்கப்படுகிறதோ அங்கே போகிறார்கள். எல்லைப் பக்கத்தில் இந்தப் பேச்சு இன்னும் கனமானது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், வலிவு என்றால் மூச்சிளைப்பு. இரண்டு மொழியும் கலந்து பேசி வளர்ந்த ஒரு வயதான பெண்மணி, தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொல் அப்படியே புரிந்துகொள்ளப்படும் இடத்தைத் தேடிப் போவதில் என்ன வியப்பு?

எல்லை தாண்டுவதும் உங்கள் அம்மா கண்டுபிடித்ததல்ல. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதுவரை தலைநகரம் திருவனந்தபுரம்தான், பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான். நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை, நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி 1838-இலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் கோடு போட்ட பிறகும் கால்கள் பழைய வழியை மறக்கவில்லை.

ஆக, அறியாமை என்ற சொல்லை விட்டுவிடுவோம். அபாயம் இருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது. என் பெரியம்மாவுக்கு (எங்கள் பக்கத்தில் பெரியம்மை என்போம்) நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அவர் களியக்காவிளையில் இருக்கிறார். அப்போது வயது அறுபத்தாறு. இதயத்துக்காக எல்லைக்கு அந்தப்புறத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கொடுத்த சிறிய ஆஸ்பிரின் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். முட்டுவலிக்கு வைத்தியரின் கஷாயமும் மேலே தேய்க்கும் குழம்பு எண்ணெயும். அதோடு வலி பொறுக்க முடியாத நாட்களுக்கென்று மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை. பொறுக்க முடியாத நாட்கள் நாளடைவில் எல்லா நாளும் ஆகிவிட்டன, நான்கு மாதம், தினம் இரண்டு வேளை. மலம் கறுப்பாகப் போனது. கஷாயம் குடித்தால் அப்படித்தான் போகும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒருநாள் குளியலறையில் தலைசுற்றி விழுந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர், "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை மக்களே" என்றார் பெரியம்மை. பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் தெரியவில்லை. மறுநாள் அவருடைய மருமகள் வீட்டிலிருந்து ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாள். பாதி தீர்ந்த அரிஷ்டம் ஒரு குப்பி, காகிதக் கவர்கள், கத்தரித்த மாத்திரை அட்டைகள். ஒரு அட்டையிலும் பெயர் இல்லை. நான்கைந்தாக வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. மருத்துவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிறத்தையும் எழுத்துத் துண்டையும் வைத்து டைக்ளோஃபினாக் என்று கண்டுபிடித்தார். ஆஸ்பிரினும் அதுவும் சேர்ந்து வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிந்திருக்கிறது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

பெரியம்மை பொய் சொல்லவில்லை. "அது மருந்தா? கடையில் வாங்கியதுதானே?" என்று பிறகு என்னிடம் கேட்டார். டாக்டர் சீட்டில் எழுதியது மட்டுமே அவர் கணக்கில் மருந்து. மூன்று இடத்திலும் அவரை அக்கறையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஓர் இடத்தில் கொடுத்தது மற்ற இரண்டு இடத்துக்கும் தெரியாது. இரண்டு மாநிலத்து ஓ.பி. சீட்டுகள் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. நான் பயப்படுவது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

'காய்ச்சலுக்கு ஒரு செட்' என்று கேட்டால் கவரில் போட்டுத் தருகிறார்களே, அதிலும் இதே பயம் இருக்கிறது. ஒரு பாராசிட்டமால், ஒரு ஜலதோஷ மாத்திரை, ஒரு வலி மாத்திரை, சமயங்களில் ஒரு ஆன்டிபயாடிக். பல ஜலதோஷ மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது, அளவு தெரியாமல் இரட்டிப்பாகிவிடும். ஆன்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாது. கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளுக்கென்று எச்1 பட்டியல் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோதே அதில் 46 மருந்துகள் இருந்தன. அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் வீட்டுக்கு இன்னொன்றும் உண்டு. ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளில் வெட்டில்லாத நாட்களில் மழைநீர் தேங்குகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் வேண்டாம். பால்வெட்டுக்காரர் வீட்டில் மழைக்காலத்தில் வரும் காய்ச்சலை டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத்தான் வேண்டும். டெங்குவில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். செட்டில் இருக்கும் அந்த வலி மாத்திரை இங்கே விஷம் போன்றது. அதைவிட ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள், கடை மாத்திரை கேட்டுவிட்டது என்று நினைப்பார்கள். டெங்கு முற்றுவது பெரும்பாலும் அப்போதுதான். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அப்போது பால் வெட்டுக்கும் கூலிக்கும் கணக்குப் பார்க்கக் கூடாது. சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் காலை வைத்து வேலை செய்பவருக்குக் கெண்டைக்கால் கடுத்து, கண் சிவந்து, காய்ச்சல் அடித்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதை முதலிலேயே பிடித்துவிட்டால் மாத்திரையில் தீரும், விட்டால் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் போகும்.

ஆகவே எங்கே போகிறீர்கள் என்று அம்மாவோடு சண்டை போடாதீர்கள். 'இன்று எத்தனையாவது நாள்?' என்று மட்டும் கேளுங்கள். மழைக்காலக் காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் ரத்தப் பரிசோதனை என்பதை நீங்கள் இருவரும் முன்கூட்டியே, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், பேசி வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் கிடக்கும்போது பேசினால் அது கட்டளையாகத் தோன்றும். கடையில் வாங்கும்போது பெயர் இருக்கும் பகுதியோடு அட்டையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், கடைக்காரர் கொடுப்பார். வைத்தியரிடம் போனாலும் டாக்டரிடம் போனாலும் அந்தப் பை கூடவே போகட்டும். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்யலாம். கிராம சுகாதார செவிலியரின் எண்ணை அம்மாவின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. கேரளத்தில் 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார மையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றி, மாலை ஆறு மணி வரை ஓ.பி. நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து வருகிறது. நல்ல திட்டம். ஆனால் திடீரென்று வரும் காய்ச்சலுக்கு, ஷீட் அடித்துக் கைகழுவிய பால்வெட்டுக்காரர் மாலை நான்கு மணிக்குப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். அருமனையிலும் குலசேகரத்திலும் மாலை ஓ.பி. முழு அளவில் நடந்தால் உங்கள் அம்மாவின் வரிசை தானாகவே மாறும் என்று நம்புகிறேன். ஊராட்சிக் கூட்டத்தில் இதை நான் கேட்கப் போகிறேன். ஊருக்கு வரும்போது நீங்களும் வாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வீட்டில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் பாயில் கொட்டி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவை எத்தனை என்று எண்ணிப் பார்த்து எனக்கும் எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்.