வேப்பிலை தின்னும் எம்பி: சிலம்ப வீடியோவை இணையத்துக்குச் சுருக்குவது

கேள்வி: சிலம்பம் கற்றுத்தருகிறேன். எங்கள் மாணவர்கள் வேப்பமரத்தடியில் ஆடிய 12 நிமிட வீடியோவை இணையதளத்தில் போட வேண்டும். போனில் 4கே-யில் எடுத்தது, 4.3 ஜிபி இருக்கிறது. ஜிப் செய்தும் குறையவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கினால் சுழலும் கம்பே தெரியவில்லை. தளத்தைப் பார்த்துக்கொள்பவரோ 150 எம்பிக்குள் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: ஜிப் கைகொடுக்காததில் வியப்பில்லை. பதிவு செய்யும்போதே போன் வீடியோவைச் சுருக்கித்தான் வைக்கிறது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்து என்ன பயன்?

கால்குலேட்டரை எடுங்கள். வீடியோவின் எடை இரண்டே விஷயத்தில் அடங்கும்: எத்தனை வினாடி ஓடுகிறது, வினாடிக்கு எத்தனை பிட் செலவாகிறது. இந்த இரண்டாவதுதான் பிட்ரேட். உங்களுடையது 720 வினாடி, 4.3 ஜிபி என்றால் வினாடிக்குச் சுமார் 48 மெகாபிட். 150 எம்பி (மெகாபைட்) என்பது, ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற கணக்கில், 1200 மெகாபிட். 720ஆல் வகுத்தால் 1.67 வரும். ஒலிக்குக் கொடுத்தது போக, படத்துக்கு மிஞ்சுவது ஒன்றரை மெகாபிட். 48 எங்கே, ஒன்றரை எங்கே!

அந்த ஒன்றரையும் கம்புக்குப் போவதில்லை என்பதுதான் உங்கள் வீடியோவின் சிக்கல். வீடியோவைச் சுருக்கும் என்கோடர், அடுத்தடுத்து வரும் படங்களான ஃபிரேம்களில் ஒவ்வொன்றையும் முழுதாகச் சேமிக்காது. முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் பெரும்பாலும் எழுதிவைக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அதற்கு ஏறக்குறைய செலவே இல்லை. வேப்பமரமோ காற்றில் ஆயிரம் இலையை ஆட்டுகிறது. ஒவ்வொன்றும் பிட் கேட்கும். போனைக் கையில் பிடித்து எடுத்திருந்தால் மரம் மட்டுமல்ல, தரையும் சேர்ந்து நகரும். இத்தனைக்கும் படியளந்த பிறகுதான் கம்புக்கு. வாட்ஸ்அப்பில் அது மாயமானது இதனால்தான்.

ஆகவே முதலில் கத்தரியை எடுங்கள். வரிசையில் நிற்பது, வேட்டியை இறுக்கிக் கட்டுவது எல்லாம் போகட்டும். 12 நிமிடம் 8 நிமிடமானால் அதே 150 எம்பியில் வினாடிக்கு 2.5 மெகாபிட் கிடைக்கும். மிச்சக் காட்சிக்குச் சேதமில்லாத ஒரே சுருக்கம் இதுதான். பலருக்கு இதைச் செய்யத்தான் மனசு வராது.

அடுத்து படத்தின் அளவை 720பி-க்கு (உயரத்தில் 720 புள்ளிகள்) இறக்குங்கள். 4கே-யில் உள்ள புள்ளிகளில் ஒன்பதில் ஒரு பங்குதான் இதில். போனில் பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ‘ஃபாஸ்ட் 720பி30’ என்ற ஆயத்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ பகுதியில் ஹெச்.264 என்ற சுருக்கும் முறை இருக்கட்டும். சராசரி பிட்ரேட்டாக 2300 கிலோபிட் கொடுத்து, மல்டி-பாஸ் வசதியை டிக் செய்யுங்கள். மென்பொருள் முதல் சுற்றில் படத்தை ஆராய்ந்துவிட்டு, தேவைப்படும் இடத்துக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும். ஒலி 128 கிலோபிட். மொத்தம் 146 எம்பி அளவில் நிற்கும். ‘வெப் ஆப்டிமைஸ்டு’ கட்டத்தையும் மறக்காமல் டிக் செய்யுங்கள். அது கோப்பின் அட்டவணையை முன்பக்கம் கொண்டுவந்துவிடும். முழுக்க இறங்கும் முன்பே வீடியோ ஓடத் தொடங்கும்.

இப்படி அளவுக்கட்டுப்பாடு இல்லாத வேலையானால் நான் பிட்ரேட்டைத் தொடவே மாட்டேன். ஹேண்ட்பிரேக்கில் பிட்ரேட்டுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய தர எண்ணை 22-இல் வைத்துவிட்டு, வருகிற எடை வரட்டும் என்று விடுவேன். எண் ஏறினால் எடையும் தரமும் இறங்கும்.

ஹெச்.264-க்கு அடுத்து வந்த ஹெச்.265-இல் இன்னும் சிறிதாகும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எல்லா பிரவுசரிலும் எல்லாக் கருவியிலும் அது ஓடாது; பொதுத்தளத்துக்கு வேண்டாம்.

முழு வீடியோவையும் ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். இரண்டு பேர் எதிரெதிரே கம்பு வீசும் 20 வினாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, இதே அமைப்பில் முதலில் சோதியுங்கள். அங்கே கம்பு கட்டம்கட்டமாக உடைந்தால் 540பி-க்கு இறக்குங்கள், அல்லது இன்னும் ஒரு நிமிடத்தை வெட்டி, அதற்கேற்ப பிட்ரேட்டை ஏற்றுங்கள். மூலக் கோப்பு பத்திரமாக இருக்கட்டும். ஒருமுறை சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் இன்னும் மோசமாகும். அடுத்த முறை எடுக்கும்போது ஸ்டாண்டில் போனை நிறுத்தி, சுவர் பின்னணியில், 1080பி-யில் எடுங்கள்.