பொள்ளாச்சியில் வாங்கிய பொருளுக்குப் பாலக்காட்டில் புகார் கொடுக்கலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பெட்டிக்கடை நடத்தும் வாசகர் ஒருவர், எட்டு மாதங்களுக்கு முன் பொள்ளாச்சியில் 38,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரீசர் வாங்கியிருக்கிறார். கம்ப்ரசர் இரண்டு முறை பழுதாகி, மெக்கானிக் வந்து பார்த்தும் சரியாகவில்லை. விற்றவரோ, கடை உபயோகத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்றும், வழக்கென்றால் கோவைக்குத்தான் வர வேண்டும் என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறது என்றும் சொல்லிவிட்டாராம். தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த தாம் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இயலுமா என்பது அவருடைய கேள்வி.

இயலும். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருந்தவரை இதற்கு நேர்மாறான பதிலைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அச்சட்டப்படி, எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். இதை உச்ச நீதிமன்றம் எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தது என்பதற்கு 2009ஆம் ஆண்டின் சோனிக் சர்ஜிக்கல் வழக்கு சான்று: அம்பாலாவில் எடுத்த காப்பீடு, அம்பாலாவில் பிடித்த தீ; காப்பீட்டு நிறுவனத்துக்குச் சண்டிகரில் கிளை இருப்பதால் மட்டும் அங்கே வழக்குத் தொடர இயலாது என்று தீர்ப்பாயிற்று. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலும், அவர் வேலை செய்து பிழைக்கும் இடத்திலும் புகார் கொடுக்கலாம் என்று சேர்த்தது. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சியில் சாமான் வாங்கும் சித்தூர் வட்டத்துக் குடும்பங்களுக்கு, அந்தச் சட்டத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை என்பது என் கருத்து. மத்தியச் சட்டமாதலால் எல்லையின் இருபுறமும் விதி ஒன்றே. சட்டம் நுகர்வோருக்குக் கொடுத்த இந்த உரிமையை, விற்பவர் தம் பில்லின் அடியில் ஒருதலையாக அச்சிட்ட ஒரு வரி பறித்துவிடும் என்ற வாதத்துக்கு ஆணையத்தில் வலு இருக்காது.

அடுத்தது, கடை உபயோகம் என்ற தடை. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்பது உண்மையே. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு நுகர்வோர் யார் என்று வரையறுக்கும் பிரிவின் விளக்கமே விலக்களிக்கிறது. ஆகவே, கடையைத் தாமே நடத்துவதையும் அதுவே குடும்பத்தின் வருமானம் என்பதையும் புகாரின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வாரண்டி அட்டையின் நிபந்தனைகள் இதிலிருந்து வேறானவை; அவற்றைத் தனியாகப் படித்துப் பாருங்கள். வாரண்டி கைகொடுக்காவிட்டாலும், பொருளிலேயே குறைபாடு இருந்தது என்ற வழக்கு நிற்கும்.

அந்தக் குறைபாட்டை மெய்ப்பிப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். மெக்கானிக் ஒவ்வொரு முறை வரும்போதும், என்ன பழுது என்று எழுதிய ஜாப் ஷீட்டைக் கையெழுத்துடன் வாங்கி வைக்க வேண்டும். வெளியாள் யாரையும் வைத்து இப்போது ஃப்ரீசரைப் பிரிக்க வேண்டாம். பிறகு நிபுணர் பரிசோதனைக்கு ஆணையம் உத்தரவிட்டால், பிரித்ததால்தான் கெட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். விற்றவருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, பதில் வராவிட்டால் இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்துப் புகார் கொடுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஈ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் புகாரைப் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே முறையிட்டுப் பார்ப்பதில் தவறில்லை; ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மொழியைப் பொறுத்தவரை, புகாரையும் பிரமாணப் பத்திரத்தையும் ஆங்கிலத்தில் தயாரித்து, தமிழில் உள்ள கடிதங்களுக்கு மொழிபெயர்ப்பை இணைப்பதே இடையூறற்ற வழி. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. பதிவுபெற்ற தன்னார்வ நுகர்வோர் சங்கமும் உங்களுக்காகப் புகார் கொடுக்கலாம்.

ஆணையத்தின் அறிவிப்பைப் பெற்ற எதிர்த்தரப்பு 30 நாட்களிலும், ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாட்களிலும் பதில் தர வேண்டும். அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அந்தக் கணக்கை நம்பித் திட்டமிடாதீர்கள்.

சீர்திருத்தம் இன்னும் எட்டாத இடம், உத்தரவுக்குப் பிந்தைய கட்டம். பழைய சட்டத்தில் ஆணையம் சான்றிதழ் அனுப்பினால், மாவட்ட ஆட்சியர் அந்தத் தொகையை நிலவரி பாக்கியைப்போல வசூலித்துத் தர வழியிருந்தது. புதிய சட்டத்தின் 71ஆம் பிரிவு அதை விட்டுவிட்டு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப்போல நிறைவேற்றும்படி சொல்கிறது. சொத்தெல்லாம் பொள்ளாச்சியில் வைத்திருப்பவரிடம் பாலக்காட்டிலிருந்து ஜப்தி நடத்துவது எவ்வளவு இழுபறி என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டருகே வழக்குத் தொடரும் உரிமையைக் கொடுத்தபோதே, மாநிலம் கடந்த வசூலுக்கும் ஆட்சியர் வழியைத் தக்கவைத்திருக்க வேண்டும். அதுவரை 72ஆம் பிரிவே உங்களுக்குப் பலம்: உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 71, 72 ஆகிய இரு பிரிவுகளின் கீழும் மனுக்களைச் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

ஆட்சியர் தலைமையில் மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு மன்றம் ஆண்டுக்கு இருமுறையாவது கூட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆலோசனை மட்டுமே வழங்கும் அமைப்புத்தான். எனினும், பாலக்காடு, கோவை மன்றங்கள் ஒரு கூட்டத்தையாவது சேர்ந்து நடத்த வேண்டும் என்றும், தமிழில் புகார் எழுத உதவும் ஒருவரைப் பாலக்காட்டு ஆணையத்தில் அமர்த்த வேண்டும் என்றும் உங்கள் ஊர் வியாபாரிகள் எழுத்துமூலம் ஆட்சியரிடம் கேட்கலாம்.