வருடத் திட்டமும் இரண்டு வார ஸ்பிரிண்டும்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது: "சென்னையில் இரண்டு வார ஸ்பிரிண்டில் வேலை பார்த்தவன் நான். இங்கே பெரிய வங்கியில் சேர்ந்தால், அடுத்த டிசம்பர் வரை எந்த மாதம் எது முடியும் என்று இப்போதே பட்ஜெட் தாளில் எழுதச் சொல்கிறார்கள். இதில் அஜைல் எங்கே இருக்கிறது?" (ஸ்பிரிண்ட் என்றால் டீம் ஒரு சிறு பகுதியை முடித்துக் காட்டும் குறுகிய காலம். அஜைல் என்றால் அப்படித் துண்டு துண்டாகச் செய்து, போகிற வழியில் திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் முறை.)

திருச்சியிலிருந்து வந்து இங்கே கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறி எனக்குப் பதினான்கு வருடம். முதல் வருடம் நானும் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினேன். வீண் வேலை. பட்ஜெட் இல்லாமல் பெரிய நிறுவனம் ஆள் எடுக்காது, லைசென்ஸ் வாங்காது. தாள் இருக்கட்டும், அதில் எழுதுவதை மாற்றுங்கள்.

உண்மையான கெடு எது, யாரோ மனதில் நினைத்த தேதி எது என்று முதலில் பிரியுங்கள். ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) அரசு விதிப்படி 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானது. அப்படிப்பட்ட தேதி அசையாது. அதற்குள் எதைக் குறைத்துத் தரலாம் என்றுதான் பேச முடியும். "ஜூனில் புது ஆப்" என்பது வேறு. அங்கே பலனை எழுத வையுங்கள்: கணக்குத் திறக்க வருபவர்கள் பாதியில் விட்டுப் போவது குறைய வேண்டும் என்பதுபோல. வழியை டீம் கண்டுபிடிக்கும். பணத்தையும் புராஜெக்ட் வாரியாகக் கேட்காமல், கலையாத ஒரு டீமுக்கு வருடம் முழுக்க என்று கேளுங்கள். ஃபைனான்ஸை இதற்கு இணங்க வைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

வருடத்துக்கும் ஸ்பிரிண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். சேஃப் (SAFe) என்பது பல டீம்கள் சேர்ந்து அஜைலாக வேலை செய்வதற்கான முறை. அதில் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை, 50 முதல் 125 பேர் இரண்டு நாள் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடுவார்கள். டீம்களின் இலக்குகளுக்கு பிசினஸ் தரப்பு 1 முதல் 10 வரை மதிப்புப் போடும். அந்த பிசினஸ் ஆட்களைக் காலையில் பேசிவிட்டுக் கிளம்ப விடாதீர்கள்.

முடிவில் நம்பிக்கை வாக்கு. திட்டம் நடக்குமா என்று ஐந்து விரல் வரை காட்டுவார்கள். சராசரி 3க்குக் கீழே போனால் திருத்த வேண்டும். இங்கே மேலதிகாரி முன்னால் இரண்டு விரல் காட்டப் பலருக்கும் மனம் வராது. என் முதல் கூட்டத்தில் எல்லாரும் நான்கு காட்டினார்கள். அந்தக் காலாண்டில் பணம் செலுத்தும் பகுதி வெளிவரவே இல்லை. டெஸ்ட் சர்வர் வேறொரு டீமிடம் இருந்தது. அது கிடைக்காது என்று மூன்று பேருக்கு அன்றே தெரியும். அதிலிருந்து, முதல் நாள் சாயங்காலமே மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) தே தாரிக்கோடு (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) உட்கார்ந்து "எங்கே இடிக்கும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுவிடுகிறேன். மறுநாள் யார் பெயரும் சொல்லாமல் நானே அதைச் சபையில் வைப்பேன். அப்புறம்தான் விரல்கள் உண்மை பேசும்.

தேதி குறிக்கும்போது சீனப் புத்தாண்டு வாரத்தைத் தொடாதீர்கள். நோன்பு மாதம் என்றால் சீக்கிரம் தொடங்கி, நோன்பு துறக்க வீடு போய்ச் சேரும்படி முடியுங்கள். ஹரிராயா (நோன்புப் பெருநாள்) வருடா வருடம் சுமார் 11 நாள் முன்னே வரும், போன வருடக் காலண்டரை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.