ஓமானில் ஆங்கில விரிவுரையாளர் வேலை: கோத்தகிரியிலிருந்து போகலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்து, 9 ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். ஓமானில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் நடத்த ஏஜென்ட் மூலம் வாய்ப்பு வந்திருக்கிறது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே வகுப்பு எப்படி இருக்கும்? கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் குன்னூரிலிருந்து போய் 11 ஆண்டுகள் ஓமானில் இதே வேலையைப் பார்த்துவிட்டு வந்தவள்தான். அதனால் முதலில் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதவியின் பெயர் விரிவுரையாளர் என்று இருந்தாலும், நீங்கள் அங்கே நாடகமோ கவிதையோ நடத்தப் போவதில்லை. பள்ளி முடித்து வரும் ஓமானி மாணவர்களில் பெரும்பாலோர், பட்டப்படிப்புக்குள் போகும் முன் ஃபவுண்டேஷன் என்ற அடித்தளப் படிப்பைத் தாண்ட வேண்டும். நுழைவுத் தேர்வு வைத்து நிலை நிலையாகப் பிரித்திருப்பார்கள். கீழ்நிலை வகுப்பு கிடைத்தால், ஒரு பத்தியில் நான்கு வாக்கியங்களைப் பிழையில்லாமல் எழுத வைப்பதுதான் அந்தப் பருவம் முழுக்க உங்கள் வேலை. இலக்கியம் நடத்தும் சுகத்துக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவர் நீங்கள் என்றால், இதை ஒரு வாரமாவது யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆனால் தமிழ் பேசும் ஆசிரியைக்கு அங்கே ஒரு பெரிய பலம் இருக்கிறது. அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் வாரம் ஒரு பையன் 'மை ஃபாதர் டீச்சர்' என்று எழுதி நீட்டினான். நடுவில் 'இஸ்' இல்லை. சிவப்பு மை வைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. 'என் அப்பா ஆசிரியர்' என்று நாம் சொல்வதிலும் அந்தச் சொல் எங்கே இருக்கிறது? அரபியிலும் அப்படித்தான், நிகழ்காலத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆங்கிலத்தில் உள்ள பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு தமிழிலும் கிடையாது, அரபியிலும் கிடையாது. 'அல்' என்ற முன்னொட்டு அரபியில் எங்கும் வரும். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் வாழ்க்கை, அன்பு எல்லாவற்றுக்கும் முன்னால் 'தி' போட்டுவிடுகிறார்கள். அரபியில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் வந்து உட்காரும். பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் கோபம் வராது, திருத்தவும் வழி கிடைக்கும். வீட்டில் படுகு பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளை 9 ஆண்டுகள் பார்த்தவர் நீங்கள். இந்தக் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

உச்சரிப்பில் மட்டும் நீங்களும் கொஞ்சம் உழைக்க வேண்டும். அரபியில் ஆங்கிலத்தின் 'P' ஒலி கிடையாது, 'B' ஒலிதான் உண்டு. பூங்காவுக்கான ஆங்கிலச் சொல்லும், நாய் குரைப்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடும். தமிழில் எழுதினால் நமக்கும் இரண்டுமே 'பார்க்'தான். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு முதல் சொல்லைச் சொன்னால் காகிதம் படபடக்க வேண்டும், இரண்டாவதற்கு அசையக் கூடாது என்பது பாடம். வகுப்பில் செய்து காட்டினேன். என் காகிதம் முதல் சொல்லுக்கும் அசையவில்லை. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த ஒலியோடு ஒரு காற்று வெளியே வரும். நம் 'ப'வில் அந்தக் காற்று கிடையாது. அன்றிரவு கண்ணாடி முன் நின்று பழகி, மறுநாள் அதே வகுப்பில் மீண்டும் செய்து காட்டினேன். நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லலாம். இந்த மாதிரி ஒரு சின்னப் பயிற்சியை நன்றாகத் தயார் செய்துகொண்டு போங்கள். இலக்கிய விரிவுரை அங்கே எடுபடாது. நேரமும் பணமும் இருந்தால் பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழைப் படித்துவிடுங்கள். முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய ஒரு மாதம். அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும் என்பதால் அதற்கு மதிப்பு.

இனி காகித விஷயம். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று இன்றைக்கே பாருங்கள். சட்டப்படி அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். லட்சக்கணக்கில் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விசிட் விசாவில் வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாலும் அதே பதில்தான். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சரிபார்ப்பு முடிந்து வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை வாங்க வேண்டும். ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஆவணங்களை உண்மையானவை என்று ஏற்க வைக்கும் முத்திரை இது. இந்தியா 2005 முதலும் ஓமான் 2012 முதலும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது சம்பளத்தை அல்ல. உங்களை வேலைக்கு எடுப்பது பல்கலைக்கழகமா, ஆள் அனுப்பும் நிறுவனமா என்பதைப் பாருங்கள். ஒரே ஆசிரியர் அறையில் ஒரே பாடத்தை நடத்தும் இருவருக்கு விடுமுறைச் சம்பளம், வீட்டுப் படி, விமான டிக்கெட் எல்லாமே வேறாக இருப்பதை இதனால்தான் பார்ப்பீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்பது எழுத்தில் இருக்கட்டும். எனக்கு 18 மணி நேரம். கேட்கக் குறைவாகத் தெரியும். ஒவ்வொரு விடைத்தாளையும் இரண்டு பேர் திருத்தி மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும் என்பதால் மாலைகளும் அதிலேயே போய்விடும். சம்பளம் ரியாலில் வரும். ஒரு ரியால் சுமார் 2.60 டாலர் என்று கட்டி வைத்திருப்பதால் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது. உங்கள் நிலைச் சம்பளத்துக்கு அங்கே வருமான வரியும் இல்லை. 2028 முதல் வரப்போகும் 5 சதவீத வரியும் ஆண்டுக்கு 42,000 ரியாலைத் தாண்டும் வருமானத்துக்குத்தான்.

மகள் விஷயம் கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டியது. ஓமானில் பல ஊர்களில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்ட இந்தியப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், பல்கலைக்கழகம் செப்டம்பரில் திறக்கும். நீங்கள் செப்டம்பரில் தனியாகப் போய், வீடு பார்த்து, குழந்தையை ஏப்ரலில் அழைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, எந்த ஊர் வளாகம் என்று ஏஜென்டிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கோடையில் நிஸ்வாவில் வெயில் 45 டிகிரியைத் தொடும். அங்கே கிடைத்தால் பக்கத்தில் ஜபல் அக்தர் மலை இருக்கிறது. 2,000 மீட்டர் உயரம், படிப்படியாக வயல், ஏப்ரலில் ரோஜா அறுவடை. சலாலா கிடைத்தால் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கரீஃப் பருவம். மலை பச்சையாகி, பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும். அந்த மாதங்களுக்கு மகளின் ஸ்வெட்டரில் மெல்லியதாக ஒன்றை எடுத்து வையுங்கள்.