பழைய வீட்டின் சமையலறையையும் தரையையும் புதுப்பிக்க எதிலிருந்து தொடங்குவது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1980களில் கட்டிய வரிசை வீடு, பிற்பாடு பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை, தீபாவளிக்குள் புது டைலும் புது கேபினட்டும் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். டைல் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துச் சமையலறைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதிலிருந்துதான் உங்கள் திட்டம் தொடங்க வேண்டும்.

நானும் இதே ஊர்தான். அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றபோது சேமநிதிப் பணத்தில் வாங்கிய வீடு எங்களுடையது. முன்பகுதி கல், பின்பகுதி பலகை, தரை முழுக்கச் சிவப்புச் சிமெண்டு. 2011இல் அந்தச் சிமெண்டின் மேலேயே டைல் ஒட்டினோம். மூன்றாம் வருடம் ஒரு நண்பகலில் 'டம்' என்று சத்தம். எரிவாயுத் தோம்பு வெடித்துவிட்டது என்று அம்மா வாசலுக்கு ஓடிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் நடுக்கூடத்து டைல்கள் இரண்டு வரிசை கூடாரம் போல எழும்பி நின்றன. பெயர்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டைலின் நடுவில் மட்டும் சிமெண்டை உருண்டையாக வைத்து ஒட்டியிருந்தார்கள். சுவரோரம் இடைவெளியே விடவில்லை. வெப்பத்தாலும் ஈரத்தாலும் டைல் சிறிது விரியும்; விரிய இடமில்லாவிட்டால் மேலே எழும்பத்தான் செய்யும். சுவரோரம் ஒரு சென்டிமீட்டர் விட்டிருந்தால் போதும், ஓரப்பட்டை அதை மறைத்திருக்கும். அன்று போன பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே டைல் இருந்தால், ஒரு காசை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் அடியில் பிடிப்பில்லை. வெறும் சிமெண்டுத் தரையென்றால் பிளாஸ்டிக் தாள் ஒன்றின் நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட்டு எடுங்கள். தாளின் அடிப்பக்கம் நீர் முத்துகள் இருந்தால் மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது என்று பொருள். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் ஈரத் தடுப்புத் தாள் போடவில்லை. அப்படிப்பட்ட தரையில் வினைல் பலகை விரித்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

பழையதன் மேலேயே புதியதை ஒட்டினால் செலவு குறையும் என்று டைல் வேலை எடுக்கும் குத்தகையாளர் சொல்வார். என் கருத்து, பெயர்த்துவிடுங்கள். மேலே ஒட்டினால் தரை ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரும். கதவுகளை அறுக்க வேண்டும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே வயதானவர் கால் தடுக்கும் படி ஒன்று முளைக்கும். பெயர்த்தால்தான் வாட்டத்தையும் சரிசெய்ய முடியும். மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணீர் தானே வடிகுழிக்குப் போய்விடும். நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகுழியை அடைத்துத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். மட்டம் குறையாமல் இருந்தால் மட்டுமே டைல் ஒட்ட விடுங்கள்.

பழைய வீடும் பிற்பாடு கட்டிய சமையலறையும் சேரும் கோட்டை மறக்காதீர்கள். இரண்டின் அடித்தளமும் வேறு, இரண்டும் ஒரே அளவில் அமிழ்வதில்லை. அந்தக் கோட்டின் குறுக்கே டைல் போட்டால் எத்தனை முறை பூசினாலும் விரிசல் திரும்ப வரும். அங்கே ஓர் இணைப்பு இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் அடைக்க வேண்டும்.

டைலுக்கு முன்பே மின்கம்பி வேலை முடிய வேண்டும். எங்கள் வீடுகளில் அரிசிக் குக்கர், கிரைண்டர், கெட்டில் எல்லாம் ஒரே நீட்டிப்புக் கம்பியில் தொங்குகின்றன. பதிவு பெற்ற மின்பணியாளரை அழைத்துத் தனித்தனி இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவியும் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஈரம் இருக்கும் இடம் அது.

கேபினட்டில் மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் ஊதும், கரையான் தேடி வரும். நாங்கள் கான்கிரீட் மேடை கட்டி, டைல் ஒட்டி, கீழே அலுமினியக் கதவு போட்டோம். பெரிய குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாலும் அசையாது. மேடையின் உயரத்தைச் சமைப்பவரின் முழங்கையிலிருந்து அளந்தோம், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே. அம்மா குள்ளம். கடைக்காரர் சொன்ன 90 சென்டிமீட்டரைக் கேட்டிருந்தால் தோள்வலி வந்திருக்கும். தரைக்கு வழுக்காத டைலையே எடுங்கள். வழுக்காமையைக் காட்டும் ஆர்10 (R10) அல்லது ஆர்11 (R11) குறி பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து விழுக்காடு கூடுதலாக, ஒரே தொகுப்பு எண்ணில் வாங்குங்கள்.

சுவரை நகர்த்தினாலோ கூரையை நீட்டினாலோ நம் ஊரைக் கவனிக்கும் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அதைக் கேட்கிறது. பின்புறக் கூரையில் பழைய நெளிவுத் தகடு இருந்தால் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்ததாக இருக்கலாம்; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. யாரையும் அறுக்கவோ துளையிடவோ விடாதீர்கள்.

தீபாவளி வருவது நம் பக்கம் மழை கொட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில். சிமெண்டு காயாது, கொத்தனாரும் கிடைக்கமாட்டார். மழை குறைந்த ஜூனில் உடைக்கத் தொடங்குங்கள். பின்புறக் கொல்லையில் அடுப்புக்கு ஓர் ஒட்டுக்கூரை போட்டுக்கொண்டால் வேலை முடியும்வரை சமையல் நடக்கும்.