நான் பார்த்தால் இந்தியா தோற்றுவிடும்!

வணக்கம் மேடம்,

சிரிக்காமல் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்கு வயது 52, கும்பகோணம் பக்கம், ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மனைவி, காலேஜ் படிக்கும் மகள், 81 வயது அப்பா. குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஒரே பைத்தியம் கிரிக்கெட், அதிலும் இந்தியா ஆடும் மேட்ச். ஐபிஎல்லில் யார் ஜெயித்தாலும் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

பிரச்சினை என்னவென்றால், இந்தியா ஜெயிக்கிற மேட்சை நான் பார்க்க முடியாது. பார்த்தால் தோற்றுவிடும். எங்கே ஆரம்பித்தது என்றுகூட எனக்குத் தெரியும். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கம். பாகிஸ்தான் டெஸ்ட்டின் நாலாவது நாள். அப்பா ஸ்கூல் வாத்தியார், எனக்கு கிரிக்கெட்டைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ராத்திரி பஸ் பிடித்து இரண்டு பேரும் போயிருந்தோம். 271 அடிக்க வேண்டும், 82க்கு 5 விக்கெட் போய்விட்டது. "கிளம்பலாம்பா" என்றேன். "சச்சின் இருக்கான்ல, உட்காருடா" என்றார். முதுகுவலியோடு அந்த மனுஷன் ஆடினார் பாருங்கள், மோங்கியாவும் கூடவே நின்றார், மோங்கியா போனபிறகும் ரன் வந்துகொண்டே இருந்தது, இன்னும் 17தான் வேண்டும் என்ற நிலையில் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஜெயிச்சிட்டோம்பா" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பாகிஸ்தான் ஸ்பின்னர் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து சச்சின் அவுட், 136. மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் காலி. 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று கைதட்டியது, அப்பாவும் தட்டினார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இருக்கிறதே! ஊர் வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை.

அதற்கப்புறம் 2003 உலகக் கோப்பை, ஜோகன்னஸ்பர்க் ஃபைனல், ஒரு பந்து விடாமல் பார்த்தேன், ஆஸ்திரேலியா 359 அடித்தார்கள், தோல்வி. 2011 வான்கடே ஃபைனலில் சேவாக்கும் சச்சினும் அவுட் ஆனதும் எழுந்து வெளியே போய்விட்டேன், திரும்ப வீட்டுக்குள் வரவேயில்லை, ஜெயித்தார்கள். தோனி அடித்த அந்த சிக்ஸரை நான் இதுவரை ரீப்ளேயில்தான் பார்த்திருக்கிறேன். 2019 செமிஃபைனல், சரி பார்ப்போம் என்று உட்கார்ந்தேன், தோனி ரன் அவுட். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 2021ல் ஆஸ்திரேலியாவில் நடந்த காபா டெஸ்ட் கடைசி நாள் ஆபீஸில் லெட்ஜருக்குள் போனை வைத்துப் பார்த்தேன், பந்த் அந்த ஃபோர் அடித்தபோது மேனேஜர் முன்னால் கத்திவிட்டேன், அது வேறு கதை.

2023 உலகக் கோப்பையில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முதல் மேட்சில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோமோ அதே இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டேன். நான் தரையில், மனைவி சமையலறை வாசல், மகள் சோபாவின் இடது பக்கம், அப்பா ஈஸிசேர். பத்து மேட்சும் ஜெயித்தோம். நவம்பர் 19, ஃபைனல், ஆஸ்திரேலியா 47க்கு 3. அப்போது அப்பா பாத்ரூம் போகணும் என்றார். அவருக்கு ப்ராஸ்டேட் தொந்தரவு, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். "ஒரு விக்கெட் விழட்டும்பா, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். மனைவி எழுந்ததற்கு அவளையும் அதட்டி உட்கார வைத்தேன். அந்த ஒரு விக்கெட் விழவேயில்லை மேடம், உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் ஈஸிசேர் துணி நனைந்துவிட்டது. மகள்தான் அழுதுகொண்டே வேட்டி எடுத்து வந்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை, பார்படாஸ் ஃபைனல். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் என்று வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். தண்ணீர் டேங்க் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். வெடிச் சத்தம் கேட்டுத்தான் ஜெயித்தது தெரியும். கீழே வந்தால் அப்பா முழித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "எங்கடா போயிட்டே, சூர்யா என்னமா பிடிச்சான் தெரியுமா" என்றார். 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபி ஃபைனலுக்கும் மாடிதான்.

"நீங்க டிவி பார்க்கிறது பும்ராவுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று மகள் கேட்கிறாள். பதில் இல்லை. மேட்ச் நாளில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பிபி மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே மறந்துவிடுகிறது. டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள் மனைவி. இது மனநோயா? கிரிக்கெட் பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

சிரித்தேன், மன்னிக்கவும். லெட்ஜருக்குள் போன் வைத்த இடத்தில். ஈஸிசேர் இடத்தில் சிரிக்கவில்லை.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் பயப்படும்படியான மனநோய் எதுவும் தெரியவில்லை. இந்த நாட்டில் கோடிக்கணக்கான வீடுகளில் யாரோ ஒருவர் ராசியான சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். என் மாமியார் கடைசி ஓவர் என்றால் பூஜையறைக்குப் போய்விடுவார், அங்கிருந்து "முடிஞ்சுதா?" என்று குரல் மட்டும் வரும். ஏன், டேவிட் ஷெப்பர்ட் என்று ஒரு இங்கிலாந்து அம்பயர் இருந்தார், கிரிக்கெட்டில் ராசியில்லாத எண் என்று சொல்லப்படும் 111ல் ஸ்கோர் நின்றால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்பார். அவரும் நல்ல அம்பயர்தான். ஆனால் ஒன்று கேட்டுவிடுகிறேன். கிரிக்கெட் இல்லாத நாட்களிலும், பூட்டைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பது, திரும்பத் திரும்பக் கை கழுவுவது, இத்தனை தடவை எண்ணாவிட்டால் ஏதோ நடந்துவிடும் என்று தோன்றுவது, இப்படி ஏதாவது உண்டா? இருந்தால் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். இல்லையென்றால் மேலே படியுங்கள்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அப்படியிருந்தும் இந்த விஷயத்தில் பற்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், வரவை விட்டுவிட்டீர்கள். காபா டெஸ்ட்டை நீங்கள் பார்த்தீர்கள். 328 ரன் துரத்திய மேட்ச், இந்தியா அதுவரை அங்கே ஒரு டெஸ்ட்கூட ஜெயித்ததில்லை, உங்கள் கண் முன்னால் ஜெயித்தார்கள். அதை "வேறு கதை" என்று ஓரமாக வைத்துவிட்டீர்கள். 2023ல் பத்து மேட்ச். சேப்பாக்கத்தில் நடந்த முதல் மேட்சில் இதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 2 ரன்னுக்கு 3 விக்கெட் போனது, கோலியும் ராகுலும் கரை சேர்த்தார்கள். அப்போதும் தரையில் உட்கார்ந்து நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? நீங்கள் பார்த்தால் தோற்கும் என்ற விதி அன்றைக்கே செத்துப்போயிருக்க வேண்டும். சாகவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு, யார் எங்கே உட்காருவது என்ற விதியாக வந்துவிட்டது. இந்த மாதிரி நம்பிக்கைகளின் சாமர்த்தியம் அது, தோற்கிற மாதிரி வந்தால் விதியையே மாற்றிக்கொள்ளும்.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948ல் ஒரு சோதனையை எழுதி வெளியிட்டார். பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி தானாக வரும்படி வைத்தார். கொஞ்ச நாளில் ஒரு புறா கூண்டுக்குள் வட்டமடிக்கிறது, ஒன்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் தடவை தீனி வந்தபோது தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தீனி வந்தது என்று அதற்கு ஒரு நினைப்பு. 2011ல் நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள், கோப்பை வந்தது. கம்பீர் 97 அடித்ததையும் தோனி 91 அடித்ததையும் உங்கள் நடை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் இந்த மொட்டை மாடி. மாடிப்படியில் கால் வைத்த உடனே நெஞ்சு லேசானதா இல்லையா? அதுதான் உங்களைப் பிடித்துவைத்திருக்கிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடினால் உடனே நிம்மதி கிடைக்கும், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும். ஓடாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் படபடப்பு ஏறி, கொஞ்ச நேரம் நின்று, தானாக இறங்கும். அது இறங்குவதை நீங்கள் பல வருஷமாகப் பார்த்ததேயில்லை.

ஆகவே கிரிக்கெட்டை விட வேண்டாம், பார்க்கத் தொடங்குங்கள். உலகக் கோப்பை ஃபைனலில் ஆரம்பிக்காதீர்கள். இரு நாட்டுத் தொடரில் ஒரு சின்ன டி20 போதும். தரையில் உட்காராமல் சோபாவில் உட்காருங்கள், மகளை எங்கே வேண்டுமானாலும் உட்காரச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் ஓவருக்கு ஓவர் படபடப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று போடுங்கள். நடுவில் ஒரு தடவை வாயைத் திறந்து "ஜெயிச்சிட்டோம்" என்று சொல்லுங்கள். ஆமாம், அதையேதான். கடைசிப் பந்துவரை எழுந்திருக்காதீர்கள். தோற்றாலும் எழுதுங்கள், ஜெயித்தாலும் எழுதுங்கள். இருபது மேட்ச் ஆகட்டும், வரவும் பற்றும் என்ன சொல்கிறது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கேலரியில் இருப்பவனுக்கு மேட்சில் வேலையே கிடையாது. பும்ராவின் யார்க்கரில் உங்கள் பங்கு பூஜ்யம். இதைத் தாங்குவது சிரமம், அதனால்தான் மனசு நமக்கு ஒரு வேலையைக் கற்பித்துக்கொள்கிறது. நான் எழுந்து போனதால் ஜெயித்தார்கள் என்றால், பதினோரு பேரோடு நானும் ஒரு ஆள் ஆகிவிடுகிறேன் அல்லவா? இதில் தப்பில்லை, கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு வீட்டில் இருக்கிறவர்களையும் ஆளெடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நாலைந்து வரிதான், ஆனால் நீங்கள் எனக்கு எழுதியதே அந்த வரிகளுக்காக என்று தோன்றுகிறது. 2023லிருந்து இதை யாரிடமும் சொல்லவில்லை, இல்லையா? ஃபைனல் போனதற்கு வருத்தம் ஒருபக்கம், இது ஒருபக்கம், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி வைத்திருக்கிறீர்கள். அந்த மேட்சில் நாலாவது விக்கெட் விழுந்தபோது ஆஸ்திரேலியாவுக்கு வேண்டியிருந்தது இரண்டே ரன். நீங்கள் அப்பாவை உடனே கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் ஹெட் 137 அடித்திருப்பார். அதனால் அன்றைக்கு நடந்ததில் கிரிக்கெட்டுக்குச் சம்பந்தமில்லை. நடந்தது அப்பாவுக்கும் உங்களுக்கும் இடையில்தான்.

அவரிடம் பேசுங்கள். டென்ஷன், படபடப்பு, ராசி என்று விளக்கம் எதுவும் வேண்டாம். "அன்னைக்கு உங்களைக் காக்க வச்சுட்டேன்பா, தப்பு" என்று சொன்னால் போதும். அவர் "அதை விடுடா" என்று சொல்லக்கூடும். சொன்னாலும் நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுங்கள். மனைவியிடமும் மகளிடமும் தனியாகச் சொல்லுங்கள், அந்தச் சின்னப் பெண் வேட்டி எடுக்க ஓடியிருக்கிறாள்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 1999லிருந்து ஆரம்பியுங்கள். அன்றைக்கு ஏன் எழுந்து நின்று கைதட்டினார் என்று கேளுங்கள். அந்த வயதில் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். 82க்கு 5 என்றபோது "உட்காருடா" என்று சொன்ன மனுஷர், தோற்றபிறகும் எதிரணிக்குக் கைதட்டியவர், பார்படாஸ் ஃபைனலைக் கடைசிப் பந்துவரை உட்கார்ந்து பார்த்தவர். சூர்யா பிடித்த கேட்சைச் சொல்வதற்கு அந்த ராத்திரியில் மகனைத் தேடியிருக்கிறார், மகன் தண்ணீர் டேங்க் பக்கத்தில். நான் சொல்லும் அந்தச் சின்ன டி20யை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் பாத்ரூம் என்றால் எந்த ஓவராக இருந்தாலும் நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். விக்கெட் விழுந்தால் ரீப்ளே போடுவார்கள்.

கடைசியாக, மாத்திரை. 2006 கால்பந்து உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் முனிக் பகுதியில் இதயக் கோளாறுக்கான அவசர அழைப்புகள் சாதாரண நாளைவிட இரண்டரை மடங்குக்கு மேல் போனதாக 2008ல் ஓர் ஆய்வு வந்தது. ஏற்கனவே இதயநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உங்களுக்கு பிபி இருக்கிறது, படபடப்பும் வருகிறது. அது மனசு மட்டும்தானா என்று உங்கள் டாக்டர் ஒரு ஈசிஜி எடுத்துச் சொல்லட்டும், இந்த வாரமே போங்கள். மாத்திரையைக் காலையில் காபி குடிக்கும்போதே போட்டுவிடுங்கள், டாஸ் வரைக்கும் தள்ளாதீர்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், ஓவர் முடியட்டும் என்று நீங்களும் உட்கார்ந்திருக்காதீர்கள்.