கிபியோனியர் ஏமாற்றி வாங்கிய உடன்படிக்கையைக் கடவுள் ஏன் காப்பாற்றினார்? அப்படி ஓர் ஊர் உண்மையில் இருந்ததா?

கதை யோசுவா 9-இல் இருக்கிறது. கானானுக்குள் நுழைந்த இஸ்ரவேலுக்குப் பயந்த கிபியோன் ஊரார், தூரதேசத்தார் என்று பொய் சொல்லிச் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

சுருக்கமான பதில்: கடவுள் காப்பாற்றியது கிபியோனியரின் பொய்யை அல்ல, இஸ்ரவேல் தம் பெயரால் இட்ட ஆணையை. ஊர் இருந்தது. இன்றும் அதன் மேட்டைப் பார்க்கலாம். எருசலேமுக்கு வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டரில், அல்-ஜிப் என்ற பாலஸ்தீனக் கிராமத்தை ஒட்டி இருக்கிறது.

முதலில் அந்த ஊராரைப் பார்ப்போம். யோசுவா 9:7 அவர்களை ஏவியர் என்கிறது. 2 சாமுவேல் 21:2 "எமோரியரில் மீதியானவர்கள்" என்கிறது. எமோரியர் என்பது கானானின் பழங்குடிகளுக்குப் பொதுப்பெயராகவும் வழங்கியதால், இரண்டும் மோதவில்லை. கிபியோன் தனி ஊரும் அல்ல. கெபிரா, பேரோத், கீரியாத்யெயாரீம் ஆகிய மூன்றும் அதோடு சேர்ந்தவை. இந்தச் சம்பவங்களில் அவர்களுக்கு ராஜா இருந்ததாகவே வராது. "நம்முடைய மூப்பரும் தேசத்துக் குடிகளும்" சொல்லி அனுப்பினார்கள் என்றுதான் தூதர்கள் பேசுகிறார்கள். ஆனாலும் அது ராஜதானி போன்ற பெரிய பட்டணம், ஆயியைவிடப் பெரியது, ஆண்கள் எல்லாரும் பலசாலிகள் என்று 10:2 சொல்கிறது.

அவர்கள் போட்ட வேஷத்தைப் பலரும் பழைய ரொட்டி, கிழிந்த செருப்பு என்ற அளவில் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 9:9-10-இல் அவர்கள் பேசுவதைக் கவனியுங்கள். எகிப்தில் நடந்தது, எஸ்போனின் ராஜா சீகோனும் பாசானின் ராஜா ஓகும் தோற்றது என்று எல்லாம் பழைய செய்தி. எரிகோவும் ஆயியும் அண்மையில் இஸ்ரவேலிடம் விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 9:3-இன்படி அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர்கள் கிளம்பியே வந்தார்கள்! தூரதேசத்தார் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு அந்தப் புதுச் செய்தி எட்டியிருக்காது அல்லவா, அதனால் மறைத்தார்கள். "தூரதேசம்" என்று ஏன் சொல்ல வேண்டும்? உபாகமம் 20:10-18-ஐப் படித்தால் புரியும். தூரத்துப் பட்டணங்களுக்குச் சமாதானம் கூறலாம். கானானின் பட்டணங்களுக்கு அந்த வழி இல்லை. அந்த வேறுபாட்டின் மேல்தான் திட்டம் முழுவதும் நிற்கிறது.

இஸ்ரவேலின் தவறு எங்கே என்பதை 9:14 ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. அவர்கள் கொண்டுவந்த உணவை வாங்கிப் பார்த்தார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து உண்மை தெரிந்தது. சபை முறுமுறுத்தது. ஆனாலும் கர்த்தரின் பெயரால் ஆணையிட்டாயிற்று என்று பிரபுக்கள் அவர்களைத் தொடவில்லை. விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்தார்கள். இது தண்டனைதான். ஆனால் அந்த விறகும் தண்ணீரும் கர்த்தருடைய பலிபீடத்துக்கும் சேர்த்துத்தான் (9:27). பாகால்கள் என்ற கானானியத் தெய்வங்களை விட்டு அவர்களைப் பிரித்துப் பலிபீடத்தின் அருகே வைத்ததே இந்தத் தண்டனைதான் என்பது என் கருத்து.

அடுத்த அதிகாரத்தின் போர் எல்லாருக்கும் தெரியும். எருசலேமின் அதோனிசேதேக் நான்கு ராஜாக்களைச் சேர்த்துக்கொண்டு கிபியோனைத் தாக்குகிறான். காரணம் கோபம் மட்டும் அல்ல. மலைநாட்டிலிருந்து பெத்தொரோன் இறக்கம் வழியாக ஆயலோன் பள்ளத்தாக்குக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் போகும் பாதை கிபியோனின் கையில் இருந்தது. அது எதிரிக்குப் போனால் எருசலேமுக்கு மேற்கு வாசல் அடைபடும். யோசுவா எரிகோ பக்கத்துக் கில்காலிலிருந்து இரவோடு இரவாக ஏறி வந்தார். ஏறத்தாழ 1000 மீட்டர் ஏற்றம். ஏமாற்றியவர்களுக்காக அவ்வளவு சிரமம் எடுத்தது ஆணைக்காகத்தான்.

உங்கள் கேள்வியின் மையம் 2 சாமுவேல் 21. தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து பஞ்சம். கர்த்தரிடம் விசாரித்தபோது, தாவீதுக்கு முன் ராஜாவாக இருந்த சவுல் கிபியோனியரைக் கொன்றதே காரணம் என்று பதில் வருகிறது. அந்தக் கொலை 1 சாமுவேலில் எங்குமே விவரிக்கப்படவில்லை. அதனால் வாசகர்கள் திகைத்துப்போகிறார்கள். பேரோத் ஊரார் கித்தாயீமுக்கு ஓடிப்போய் அங்கே சஞ்சரித்தார்கள் என்று 2 சாமுவேல் 4:3 போகிறபோக்கில் சொல்கிறது. அது இந்தக் கொடுமையின் எதிரொலியாக இருக்கலாம். சவுலின் மகன் இஸ்போசேத்தைக் கொன்ற பானாவும் ரேகாபும் அதே பேரோத்தைச் சேர்ந்தவனின் பிள்ளைகள்.

கிபியோனியர் வெள்ளியோ பொன்னோ கேட்கவில்லை. சவுலின் சந்ததியில் ஏழு பேரைக் கேட்டார்கள். சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் இரண்டு மகன்களும், சவுலின் மகள் வழிப் பேரன்மார் ஐந்து பேரும் ஒப்புக்கொடுக்கப்பட்டார்கள். யோனத்தானின் மகன் மேவிபோசேத்தைத் தாவீது தப்பவைத்தான். ஏன்? தாவீதும் யோனத்தானும் இட்டுக்கொண்ட ஆணை (21:7). ஓர் ஆணை மீறப்பட்டதால் ஏழு உயிர் போகிறது, இன்னொரு ஆணை காக்கப்பட்டதால் ஓர் உயிர் பிழைக்கிறது. இரண்டும் ஒரே அதிகாரத்தில்.

படிக்கவே கனமான பகுதி இது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ரிஸ்பாள் வாற்கோதுமை அறுப்பின் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை பாறையின் மேல் இரட்டு விரித்து, பகலில் பறவையும் இரவில் மிருகமும் சடலங்களை நெருங்காமல் காத்தாள். அதைக் கேட்ட பிறகே தாவீது சவுல், யோனத்தான் எலும்புகளை வாங்கிவந்து முறையாக அடக்கம் செய்தான். தேவன் தேசத்துக்காக வேண்டுதலைக் கேட்டார் என்ற வரி 21:14-இல், அடக்கத்துக்குப் பிறகுதான் வருகிறது. பிரசங்கங்களில் இந்த வரிசையைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. பெலிஸ்தரிடமிருந்து திரும்பிய உடன்படிக்கைப் பெட்டி கீரியாத்யெயாரீமில், அதாவது கிபியோனியரின் நான்கு ஊர்களில் ஒன்றில், தங்கியது. பின்பு மோசே செய்த வாசஸ்தலம் என்ற ஆராதனைக் கூடாரமும் வெண்கலப் பலிபீடமும் கிபியோன் மேட்டில் இருந்ததாக 1 நாளாகமம் 21:29, 2 நாளாகமம் 1:3-5 சொல்கின்றன. சாலொமோன் ஆயிரம் தகனபலி செலுத்தி, கனவில் ஞானம் கேட்டதும் இங்கேதான் (1 இராஜாக்கள் 3:4-9). தாவீதின் பராக்கிரமசாலிகளில் கிபியோனியனான இஸ்மாயா ஒருவன் (1 நாளாகமம் 12:4). பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் எருசலேம் மதிலைக் கட்டியவர்களில் கிபியோனியனான மெலதீயா இருக்கிறான் (நெகேமியா 3:7). திரும்பி வந்தவர்களின் பட்டியலில் கிபியோன் புத்திரர் 95 பேர் (7:25).

படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: கிபியோன் வேறு, கிபியா வேறு, கேபா வேறு. மூன்றும் பென்யமீன் நாட்டில் அருகருகே இருந்தவை. கிபியா சவுலின் ஊர். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் நியாயாதிபதிகள் 19-இல் கிபியா ஊரார் செய்த கொடுமை கிபியோனியர் தலையில் விழும்.

இனி அகழாய்வு. 1838-இல் எட்வர்ட் ராபின்சன், அல்-ஜிப் தான் கிபியோன் என்று சொன்னார். 1956 முதல் 1962 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிரிட்சார்ட் சில பருவங்கள் தோண்டினார். குப்பையால் மூடிக்கிடந்த ஒரு பெரிய பாறைக் குழிக்குள் எழுத்து பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன; முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் எபிரெய எழுத்தில் கிபியோன் என்ற பெயர். வெளியூர் ஜாடி இங்கே வந்து விழுந்திருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்த ஜாடி வாய்க்குப் பொருந்தும் களிமண் மூடிகளும், நிரப்பும் புனலும், பாறையில் குடைந்த 63 திராட்சரச நிலவறைகளும் அங்கேயே கிடைத்தன. ஒவ்வொன்றும் மணி வடிவம்: வாய் சுமார் 67 சென்டிமீட்டர், ஆழம் சராசரி 2.2 மீட்டர், அடியில் 2 மீட்டர் அகலம். வாயைக் கல்லால் மூடினால் உள்ளே ஆண்டு முழுவதும் 18 டிகிரி செல்சியஸ் நிற்கும். கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளில் ஊர் திராட்சரசம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பியது என்று அதிலிருந்துதான் தெரிகிறது.

அந்தப் பாறைக் குழி 11.8 மீட்டர் விட்டம், 10.8 மீட்டர் ஆழம். உள்சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் படிகள் அடித்தளத்தோடு நிற்காமல் சுரங்கமாகத் தொடர்ந்து, மொத்தம் 79 படிகளில், சுமார் 24 மீட்டர் ஆழத்தில் நீர் அறையை அடைகின்றன. ஊற்று மதிலுக்கு வெளியே இருந்ததால் முற்றுகையில் தண்ணீர் கிடைக்காது. அதற்காக மதிலின் உள்ளிருந்து 93 படிகள் கொண்ட வேறொரு சுரங்கமும் வெட்டியிருக்கிறார்கள். சவுல் வீட்டாரின் படைத்தலைவன் அப்னேரின் ஆட்களும் தாவீதின் படைத்தலைவன் யோவாபின் ஆட்களும் எதிரெதிரே உட்கார்ந்த "கிபியோனின் குளம்" (2 சாமுவேல் 2:13) இந்தக் குழிதான் என்று பலர் கருதுகிறார்கள். அதை நிரூபிக்கும் எழுத்து எதுவும் அங்கே கிடைக்கவில்லை. யோசுவா காலத்துக் கிபியோனியர் தண்ணீர் இறைத்த இடம் என்று படம் போட்டுப் பகிர்வது மட்டும் தவறு. குழி இஸ்ரவேல் காலத்தைச் சேர்ந்தது.

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். யோசுவா வந்ததாகக் கருதப்படும் பிந்தைய வெண்கலக் காலத்துக்கு இங்கே கல்லறைப் பொருள்கள் கிடைத்தன. அக்காலப் பெரிய பட்டணத்தின் மதிலோ வீடுகளோ கிடைக்கவில்லை. மேட்டில் தோண்டியது சிறு பகுதியே. ஆகவே "யோசுவா 9 நிரூபணமாகிவிட்டது" என்றும் சொல்ல முடியாது, "பொய்யாகிவிட்டது" என்றும் சொல்ல முடியாது. ஊரின் பெயரும், இடமும், எரேமியா 41:12 சொல்லும் "திரளான தண்ணீர்" அங்கே இருந்தது என்பதும் உறுதி.